பீச்சாங்கை நிப்பு

அப்துல் சலாம் ராவுத்தர் மவுத்தாகி மூணு மாசம் ஆச்சு. கொடைக்கானல் பஜார்ல யாரைக் கேட்டாலும், "நல்ல மனுசன்யா, வாயில ஒரு பொய் வராது"ங்கிறான். எனக்கு எரிச்சலா வருது. எட்டு வருசம் அவரு எழுதுன பொய்க்கு லண்டன்லருந்து வந்த பதிலையெல்லாம் பையில போட்டுச் சுமந்தவன் நான். பேரு பொன்னுவேல், தபால்காரன், இந்த மலையில ஏறி எறங்கியே முழங்கால் தேஞ்சவன். நல்ல மனுசன்னு நானும்தான் சொல்வேன். ஆனா முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லணுமில்ல?

பேனா விக்கிற மனுசன், கடைசி அஞ்சு வருசம் ரிஜிஸ்தர் தபாலுக்குக் கையெழுத்துப் போடல. கட்டைவிரலை மையில ஒத்தி ரேகை வச்சாரு. புதுசா வந்த போஸ்ட்மாஸ்டர், "ராவுத்தருக்கு எழுதத் தெரியாதா?"ன்னு எங்கிட்ட கேட்டாரு. "தெரியாதுங்க"ன்னேன். வேற என்னத்தைச் சொல்ல?

பஜார் எறக்கத்துல அவருக்கு ஒரு சின்னக் கடை. சிலேட்டு, நோட்டு, பென்சில், மைப்புட்டி எல்லாம் இருக்கும். ஆனா அவரு உசுரு பூரா கண்ணாடி அலமாரியில இருந்த சீமைப் பேனாவுல. மிஷன் துரைமாருக்கும் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாமாருக்கும் லண்டனுக்கு எழுதிப்போட்டு வரவழைச்சுக் குடுப்பாரு. இன்னைக்கு எழுதிப்போட்டா சாமான் வர மூணு மாசம் ஆகும். கப்பல்ல வந்து, மெட்ராஸ்ல சுங்கக்காரன் பிரிச்சுப் பாத்து, மறுபடி கோணல்மாணலாக் கட்டி, கொடை ரோடு ஸ்டேஷன்ல எறங்கி, பஸ்ஸுல மலையேறி எங்கிட்ட வரும். மைப்புட்டிய மரத்தூள்ல பொதைச்சுத்தான் அனுப்புவான், இருந்தாலும் எப்பவாவது ஒண்ணு ஒடைஞ்சு ஒழுகி எஞ் சட்டை முதுகெல்லாம் நீலமாயிரும். எம் பொண்டாட்டி துவைக்கையில ராவுத்தரை வைவா. நான் கேட்டும் கேக்காத மாதிரி இருந்துக்குவேன்.

அம்பத்தஞ்சுல குமாரவேல்னு ஒரு வாத்தியார் அந்தக் கடைக்கு வர ஆரம்பிச்சான். சொந்த ஊர் பேத்துப்பாறை. அப்பன் இல்ல. ஆத்தா பாப்பம்மாள் கூலிக்குப் போயிப் படிக்க வச்ச ஒரே புள்ள. இருபத்துநாலு வயசு இருக்கும். எழுதுறது பீச்சாங்கையில. சின்னதுல அந்தக் கையாலயே சோத்தையும் அள்ளுவானாம், ஆத்தாக்காரி மணிக்கட்டுலயே போட்டிருக்கா. திங்கிறதுக்கு வலதுகை வந்துருச்சு, எழுதுறதுக்கு வரல. கடையில விக்கிற நிப்பு அவனுக்குத் தாள்ல குத்தும், மை தெறிக்கும். எழுதுன எழுத்தை அவன் கையே அழிச்சுக்கிட்டு வரும்.

"லண்டன்ல ஒரு கடைக்காரன் பீச்சாங்கைக்காரங்களுக்குன்னே நிப்புத் தேச்சுத் தர்றான் வாத்தியாரே"ன்னு ராவுத்தர் சொன்னதுதான் தாமசம், பய டீத்தண்ணி குடிக்கிறதைக்கூட விட்டுட்டு மிச்சம் புடிக்க ஆரம்பிச்சான்.

அந்த லண்டன் கடையில ஒரு வழக்கம் உண்டு. பேனா கேக்குறவன் நாலு வரி தன் கையால எழுதி அனுப்பணும். அதைப் பாத்து, கை எந்தப் பக்கம் சாயுது, எங்க அழுத்துதுன்னு கணிச்சு, அதுக்குத் தக்கன நிப்பைத் தேச்சு அனுப்புவாங்க. குமாரவேல் கடையில நின்னுக்கிட்டே எழுதுனான். மொதத் தாள்ல ஒரு சொட்டு மை விழுந்துருச்சு. அதைத் தள்ளிட்டு இன்னொரு தாள்ல எழுதி, அடியில பேத்துப்பாறை விலாசத்தையும் எழுதி, ராவுத்தர் கடை மேற்பார்வைன்னு போட்டு அனுப்புனாங்க. சொட்டு விழுந்த தாளை ராவுத்தர் கசக்கிப் போடல. அந்த மனுசன் எதையும் தூக்கிப் போடமாட்டாரு. அதுதான் வெனையாப் போச்சு.

அந்த வருசம் கார்த்திகையில பேய்மழை. சனிக்கெழமை ஊருக்குப் போன வாத்தியார், பேத்துப்பாறைக்குக் கீழ ஆத்தைத் தாண்டையில வெள்ளத்துல போயிட்டான். தோள்பை ஒரு மரக்கெளையில மாட்டிக் கெடந்துச்சு. ஆளு கெடைக்கல. ஒரு வாரம் ஊரே தேடுச்சு. அதுக்கப்புறம் கருமாதி வைக்கலாம்னாங்க. பாப்பம்மாள் விடல. "பொணத்தைக் காட்டுங்க, அழுவுறேன்"னுட்டா. அவ தம்பி வேலுச்சாமி எவ்வளவோ சொல்லிப் பாத்தான். ஒவ்வொரு வருசமும் அவன் கேப்பான், ஒவ்வொரு வருசமும் அவ வைவா.

தை மாசம் பேனா வந்துச்சு. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். ராவுத்தர் பிரிச்சாரு. கறுப்புப் பேனா ஒண்ணு, நீலக்கருப்பு மை ஒரு புட்டி, கூட ஒரு கடுதாசி. அந்தக் கடையில நிப்புத் தேய்க்கிற ஆர்ட்லி துரை எழுதுனது. ராவுத்தர் மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, இங்கிலீசு வரும். எனக்குத் தமிழ்ல சொன்னாரு. "ஐயா, இவ்வளவு அழகான எழுத்தை நான் பாத்து ரொம்ப நாளாச்சு. நிப்பு உங்க கைக்குச் சரியா இருக்கான்னு நாலு வரி எழுதிப் போடுங்க. இல்லன்னா மாத்தித் தர்றேன்."

மறுநாளே பேத்துப்பாறைக்குப் போனோம். பாதி தூரம் பஸ்ஸு, மீதி நடை. "தாயி, உங்க மவன் சொல்லி வச்சிருந்த பேனா"ன்னு ராவுத்தர் நீட்டுனாரு. பாப்பம்மாள் அதைத் தொடவே இல்ல. கையில மண்ணு ஒட்டியிருந்துச்சு, அதைச் சேலையில தொடைச்சுக்கிட்டே, "நான் வாங்கி என்ன செய்ய? நீங்களே வச்சிருங்க. வந்து வாங்கிக்குவான்"னா. அவ கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. எனக்கு அங்க நிக்கவே பயமா இருந்துச்சு.

ராவுத்தருக்கு அது போதும். அவங்க மார்க்கத்துல அமானத்துன்னு ஒண்ணு உண்டாம். ஒருத்தரு நம்பி ஒப்படைச்ச பொருளை, அவரு கேக்குற நாள்ல குடுத்தபடியே திருப்பிக் குடுக்கணும். விக்கவும் கூடாது, கெட்டுப்போக விடவும் கூடாது. பேனாவைச் சும்மா போட்டு வச்சா உள்ள இருக்குற ரப்பர் காஞ்சு வெடிச்சுரும். அதனால வெள்ளிக்கெழமை தொழுகை முடிச்சு வந்து, மை ஊத்தி, நாலு வரி எழுதிப் பாத்துட்டு, கழுவித் தொடைச்சு வைப்பாரு. எதை எழுதறது? சொட்டு விழுந்த தாளு அங்கதான இருந்துச்சு, அதைப் பாத்து எழுதுனாரு. வலதுகையில எழுதுனா நிப்பு கீறுச்சு, பீச்சாங்கைக்குன்னு தேச்சது இல்லையா? பேனாவைக் கை மாத்திப் புடிச்சுக்கிட்டாரு.

ரெண்டு மாசத்துல ஆர்ட்லி துரை மறுபடி கேட்டு எழுதுனாரு. நிப்பு எப்படி இருக்கு, ஒரு பதிலையும் காணோமேன்னு. ராவுத்தர் கடுதாசிய வச்சுக்கிட்டுத் திருதிருன்னு முழிச்சாரு.

"என்ன பொன்னுவேலு எழுதறது? செத்துட்டான்னு எழுதவா? பெத்தவ இல்லைங்கிறா. அவ வாயில வராததை நான் எப்படி எழுதுவேன்?"ன்னாரு.

எனக்கு அன்னைக்கு மேட்டுத் தெரு பூராவும் பாக்கி கெடந்துச்சு. "எதையாவது எழுதித் தொலைங்க பாய், எனக்குச் சோலி கெடக்கு"ன்னுட்டுக் கெளம்பிட்டேன். அந்த வாயை அன்னைக்கு மூடியிருந்திருக்கலாம். இன்னைக்கு வரைக்கும் அது எனக்குள்ள அறுத்துக்கிட்டே இருக்கு.

எழுதிட்டாரு. "நிப்பு நல்லா எழுதுது, நன்றி, குமாரவேல்." அந்தப் பேனாவுல, அந்தக் கையில, அந்த எழுத்துல.

ஒரு கடுதாசியோட போகும்னு பாத்தா, ஆர்ட்லி துரைக்கு எழுத்து மேல அப்படி ஒரு கிறுக்கு. பொண்டாட்டியத் தவிர வேற ஆளில்லாத மனுசன் போல. மூணு மாசத்துக்கு ஒரு கடுதாசி வரும். உங்க மலையில இப்ப குளிரா, பள்ளிக்கூடத்துல எத்தனை புள்ளைங்க, என்ன மை ஊத்துறீங்கன்னு கேப்பாரு. ராவுத்தர் பதில் போடுவாரு. கொஞ்ச நாள்ல சீமைச் சாமான் வரவழைக்கிறதுக்குச் சட்டம் இறுக ஆரம்பிச்சுச்சு. கடைக்குப் பேனா வரவழைக்க முடியாமப் போச்சு, கண்ணாடி அலமாரி ஒவ்வொரு தட்டாக் காலியாச்சு. ஆனா குமாரவேல் பேருக்கு மட்டும் வருசத்துக்கு ஒரு மைப்புட்டி, துரை அன்பளிப்பா அனுப்பிக்கிட்டே இருந்தாரு. கடைக்கு வந்த சீமைச் சாமான் அதுக்கப்புறம் அது ஒண்ணுதான்.

குத்தம் யாரு மேலன்னு கேட்டா, பாதி எம் மேல. செத்தவன் பேருக்கு வந்த தபாலைத் திருப்பி அனுப்பணும், அதுதான் ரூல். நான் திருப்பல. கடையில குடுத்துட்டு, நின்னு சேதி கேட்டுட்டுத்தான் போவேன். கேக்க நல்லா இருந்துச்சு, அதான் நெசம்.

ராவுத்தர் சம்சாரம் சுலைகாதான் மொதல்ல பயந்தது. ஒருநாள் தபால் குடுக்கப் போனப்ப என்னைத் தனியாக் கூப்புட்டு ஒரு கடுதாசியக் காட்டுச்சு. பழனியில இருக்குற அவங்க அண்ணன் எழுதுனது. "மச்சானுக்கு உடம்பு சரியில்லையா? போன கடுதாசிய யாரோ வேத்து ஆளை விட்டு எழுதியிருக்காரே"ன்னு அதுல கேட்டிருந்தாரு.

"அவருதாண்ணே எழுதுனாரு, எங் கண்ணு முன்னாலதான் எழுதுனாரு"ன்னுச்சு சுலைகா. "வலதுகையில எழுதுனாலும் அந்தப் பையன் எழுத்துத்தான் வருது. நேத்துச் சோத்துத் தட்டுல பீச்சாங்கையக் கொண்டு போறாரு. நான் சத்தம் போடவும் முழிச்சுப் பாத்தாரு பாருங்க, ஈரக்கொலையே நடுங்கிருச்சு."

நான் ராவுத்தரைக் கேட்டேன். சிரிச்சாரு. "பழக்கதோசம்"னாரு. கையை மட்டும் சட்டைப்பைக்குள்ள விட்டுக்கிட்டாரு.

அறுபதுல ஆர்ட்லி துரை, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையான்னு கேட்டாரு. ராவுத்தர் ஒரு வாரம் யோசிச்சாரு. "முப்பதைத் தொடப் போறவன் பொன்னுவேலு, இன்னும் ஒத்தையில கெடந்தா துரை என்ன நெனைப்பாரு?"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தமயந்தின்னு ஒரு பொண்ணைப் பாத்துக் கட்டி வச்சுட்டாரு. மறு வருசம், அறுபத்தொண்ணு ஆவணியில, ஒரு பொம்பளைப் புள்ளயும் பொறந்துருச்சு.

"எனக்கு ஒரு புள்ளயக் குடுக்க வக்கில்ல. இல்லாத பயலுக்குக் கல்யாணம் பண்ணி வச்சு, புள்ளயும் பெத்துக் குடுத்துட்டாரு இந்த மனுசன்"னு சுலைகா ஏசுச்சு. ராவுத்தர் கோவப்படல. அன்னைக்குக் கடையில இருந்த ஆளுங்களுக்கெல்லாம் கல்கண்டு குடுத்தாரு. ஏன் எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. நானும் வாங்கித் தின்னேன்.

புள்ளைக்குப் பேரு வைக்கணுமே. நம்ம பக்கத்துல மூத்த பொம்பளைப் புள்ளைக்கு அப்பனைப் பெத்தவ பேருதான், இதுல யோசிக்க என்ன இருக்கு? பாப்பம்மாள்னு எழுதிட்டாரு. ஆத்தாக்காரி புள்ளயத் தோள்லருந்து எறக்குறதே இல்லன்னும் எழுதுனாரு. எழுதி முடிச்சு எனக்குப் படிச்சுக் காட்டையில ராவுத்தர் அந்த வரிய ரெண்டு தடவை படிச்சாரு. எனக்கும் இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு, எதுக்கு மறைக்கணும்?

அதுக்கடுத்து வந்த ஒரு கடுதாசியத்தான் என்னால இன்னைக்கும் மறக்க முடியல. ஆர்ட்லி துரை கேட்டிருந்தாரு: "எப்பவும் குளிருது, காலு காயவே மாட்டேங்குது, எழுதையில தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குன்னு எழுதியிருந்தீங்களே. உங்க வீடு அருவிக்குப் பக்கமா?"

ராவுத்தர் மொகம் செத்துப் போச்சு. "நான் இதை எழுதல பொன்னுவேலு"ன்னாரு. "அல்லா மேல ஆணையா எழுதல."

வேற யாரு எழுதுனது? கடையில அவரைத் தவிர ஆளு கெடையாது. பேனா அவரு மேசையிலதான் இருக்கு. மத்தியானந்தான், வெளிய நல்ல வெயிலு. "விட்டுருங்க பாய், இதோட நிறுத்திருங்க"ன்னேன். தலையாட்டுனாரு. மூணு வெள்ளிக்கெழமை பேனாவைத் தொடல. நாலாவது வெள்ளிக்கெழமை, "புள்ளைக்குப் பல்லு மொளைச்சிருக்கும், துரை கேப்பாரு"ன்னுட்டு எடுத்துட்டாரு.

அறுபத்துநாலு பங்குனி உத்திரத்துக்கு நான் பழனிக்குக் காவடி எடுத்துப் போனேன். பத்து நாள் லீவு. எனக்குப் பதிலா ஒரு புது ஆளு தபால் கொண்டு போனான். அந்தப் பத்து நாளைக்குள்ளதான் எல்லாம் நடந்துருச்சு.

லண்டன்ல ஆர்ட்லி துரைக்கு வேலையிலருந்து ஓய்வு. மேசையக் காலி பண்ணையில, குமாரவேல் மொதமொத எழுதி அனுப்புன தாளு அவரு கையில கெடைச்சிருக்கு. அடியில வீட்டு விலாசம் இருக்கே. புள்ளைக்குத் திடீர்னு வீட்டுலயே போய்ச் சேரட்டும்னு ஆசைப்பட்டு, கடைக்கு அனுப்பாம, பேத்துப்பாறைக்கே நேரா ஒரு பார்சல் அனுப்பிட்டாரு. புது ஆளு அதைக் கொண்டுபோய்ப் பாப்பம்மாள் கையில குடுத்துட்டான். அவன் மேல தப்பு இல்ல. விலாசத்துக்குக் குடுக்குறதுதான் அவன் வேலை.

உள்ள, துரையோட சம்சாரம் கையால பின்னுன மஞ்சக் கலர் கம்பளிச் சட்டை ஒண்ணு. உள்ளங்கை அகலம் கூட இல்லாத கையி அதுக்கு. கூட ஒரு கடுதாசி. ஊர் வாத்தியார் படிச்சுச் சொல்லியிருக்காரு. "அன்புள்ள குமாரவேல், உன் சின்னப் பாப்பம்மாளுக்கு இந்தச் சட்டை. உன் அம்மா அவளைத் தோள்லருந்து எறக்குறதே இல்லைன்னு எழுதியிருந்தியே. அந்தம்மாவுக்கு எங்க வணக்கம். பதிலை வழக்கம்போல அப்துல் சலாம் கடை வழியா எழுது."

நான் மொட்டைத்தலையில சந்தனத்தோட பழனியிலருந்து வந்து எறங்குனேன். பஜார் எறக்கத்துல ராவுத்தர் கடை வாசப்படியில பாப்பம்மாள் ஒக்காந்திருக்கா. மடியில அந்த மஞ்சச் சட்டை. நாலு நாளா வெள்ளனே வந்து ஒக்காந்தா, கடை சாத்துற வரைக்கும் எந்திரிக்கிறதில்லையாம். சுலைகா குடுக்குற டீயக் குடிப்பா. யாரு சொல்றதையும் நம்பமாட்டா.

"எம் மவன் எங்க இருக்கான்?" அவ கேட்டது இது ஒண்ணுதான்.

ராவுத்தர் மொத நாளே எல்லாத்தையும் ஒடைச்சுச் சொல்லிட்டாரு. "தாயி, எல்லாம் நான் எழுதுனது. உங்க மவன் எழுதல. கல்யாணமும் இல்ல, புள்ளயும் இல்ல. என்னைச் செருப்பால அடிங்க"ன்னு கால்ல விழாத கொறை. அவ கேக்கல. அவளுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. மவன் வெள்ளத்துல பொழைச்சு எங்கியோ கரையேறி, அங்கயே ஒருத்தியக் கட்டிக்கிட்டான். ஆத்தாளை விட்டுட்டமேன்னு வெக்கப்பட்டுக்கிட்டு ஊருக்கு வரல. வெள்ளக்காரன்கிட்ட மானத்தைக் காப்பாத்த, எங்க ஆத்தா எங்கூடத்தான் இருக்கான்னு எழுதியிருக்கான். ராவுத்தர் அவனை மறைச்சு வைக்கிறாரு.

என்னைக் கண்டதும் அவ மொகம் தெளிஞ்சுச்சு. "தபால்காரரே, நீங்க சொல்லுங்க. எம் மவன் எங்க?"

"அவரு சொல்றதுதான் ஆத்தா நெசம். எட்டு வருசமா எனக்கும் தெரியும்"னேன்.

"நீயும் அவுங்க கூட்டுத்தானா?"ன்னா. கோவமா இல்ல, அசதியாக் கேட்டா. அப்புறம் மடியில கெடந்த சட்டையத் தடவிக்கிட்டே சொன்னா: "எம் பேரை வச்சிருக்கான்யா. வேத்து மனுசன் ஒருத்தன், எம் பேரை எடுத்து ஒரு புள்ளைக்கு வைப்பானா? எம் மவனைத் தவிர யாரு வைப்பா?"

ராவுத்தர் செவுத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாரு. மேகம் கீழருந்து ஏறி வந்து கடைக்குள்ளயே நொழைஞ்சுருச்சு. எனக்குப் பொறுமை போயிருச்சு. இந்தப் பொம்பளை இப்படியே ஒக்காந்து செத்துருவாளோன்னு பயம் வேற.

"பாய், எழுதிக் காட்டுங்க"ன்னேன்.

"வேணாம் பொன்னுவேலு."

"எழுதிக் காட்டுங்க. வாயால சொன்னா இந்தம்மா நம்பாது."

ராவுத்தர் பேனாவை எடுத்தாரு. கையி நடுங்குச்சு. தாளைச் சாச்சு வச்சாரு. நிப்பு தாள்ல பட்டதும் நடுக்கம் நின்னுருச்சு. மணிக்கட்டு உள்பக்கமா மடங்குச்சு, சுண்டுவெரலு தனியா எந்திரிச்சு நின்னுச்சு, ஒதட்டோரத்துல நாக்கு லேசா எட்டிப் பாத்துச்சு. அறுபதை நெருங்குன கெழவன் மாதிரி இல்ல, பரிச்சை எழுதுற பய மாதிரி ஒக்காந்திருந்தாரு. குமாரவேல் எழுதி ராவுத்தர் பாத்தது, லண்டனுக்குத் தாளு எழுதுன அந்த ஒரே ஒரு நாளுதான்.

பாப்பம்மாள் தாளைப் பாக்கல. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையவே பாத்துக்கிட்டிருந்தா. ஒரு வரி, ரெண்டு வரி. திடீர்னு எந்திரிச்சுப் போயி அந்த மணிக்கட்டுல ஓங்கி ஒண்ணு போட்டா.

"எத்தனை தடவைடா சொல்றது, பீச்சாங்கையாலா?"ன்னுட்டா.

பேனா உருண்டு கீழ விழுந்துச்சு. ராவுத்தர் அண்ணாந்து பாத்தாரு. வெள்ளைத் தாடி, சுருக்கம் விழுந்த மொகம். அவ அந்த மொகத்தையும் கையையும் மாறி மாறிப் பாத்தா. அடிச்ச கைய அப்படியே தன் வாயில வச்சுப் பொத்திக்கிட்டா.

கைய எடுத்துட்டு, "அப்ப அவன் இல்ல"ன்னா.

"இல்ல தாயி"ன்னாரு ராவுத்தர்.

"அன்னைக்கே போயிட்டான்."

"அன்னைக்கே."

"வச்சிருங்கன்னு நான்தான சொன்னேன்"னா. அப்புறம் சட்டைய ஒரு தடவை விரிச்சுப் பாத்தா. "எம் பேரை ஏன்யா வச்சீங்க?"

"உங்க மவன் இருந்தா வேற எந்தப் பேரு தாயி வச்சிருப்பான்?"ன்னாரு ராவுத்தர். சுலைகா வந்து பாப்பம்மாளைப் புடிச்சுக்கிட்டு உள்ள கூட்டிக்கிட்டுப் போச்சு. எட்டு வருசத்து அழுகைய அன்னைக்குத்தான் அழுதா. நான் பஜார்ல போயி நின்னுக்கிட்டேன், கேக்க முடியல.

சாயங்காலம் கெளம்பையில ராவுத்தர் பேனாவைக் கழுவித் தொடைச்சு நீட்டுனாரு. வாங்கிக்கிட்டா. "நாளைக் கழிச்சுக் கருமாதி. ரெண்டு பேரும் வாங்க"ன்னுட்டுப் போனா.

ஆர்ட்லி துரை அப்புறமும் ரெண்டு கடுதாசி போட்டாரு. பெறுநர் காலமாகிவிட்டார்னு நானே போஸ்ட்மாஸ்டர்கிட்ட இங்கிலீசுல எழுதி வாங்கி, ஒட்டித் திருப்பி அனுப்புனேன். எட்டு வருசம் முந்திச் செஞ்சிருக்க வேண்டிய வேலை. ராவுத்தர் அதுக்கப்புறம் ஒரு எழுத்துக்கூட எழுதல, ரேகைதான். இதை இப்பவே சொல்லி முடிச்சுர்றேன். இனி எனக்குச் சொல்ல இருக்குறது ஆத்தங்கரை ஒண்ணுதான்.

பேத்துப்பாறைக்குக் கீழ, ஆத்துல தண்ணி கொறைச்சலா ஓடிக்கிட்டிருந்துச்சு. வேலுச்சாமி மொட்டை போட்டு ஈரவேட்டியோட நின்னான். பண்டாரம் எல போட்டுச் சோறு வச்சு, பேரு சொல்லி, எள்ளும் தண்ணியும் விடச் சொன்னாரு. பேனாவைப் பாப்பம்மாள் அந்த எலையில வச்சா. ராவுத்தர் தள்ளி ஒரு பாறைகிட்ட நின்னாரு. வேத்து மதத்துக்காரன்னு அவராத்தான் ஒதுங்கி நின்னாரு. பாப்பம்மாள் கைகாட்டிக் கிட்ட வரச் சொன்னா.

வேலை முடிஞ்சு பண்டாரம் எந்திரிக்கப் போனாரு. "இருங்க"ன்னு சொல்லிட்டு, பாப்பம்மாள் தன் கையால இன்னொரு எலைய எடுத்துப் பக்கத்துல போட்டா. சின்ன எல. அதுமேல அந்த மஞ்சச் சட்டைய மடிச்சு வச்சா.

"இது யாருக்குக்கா?"ன்னான் வேலுச்சாமி.

"எம் பேத்திக்கு."

வேலுச்சாமி என்னைப் பாத்தான். நான் தரையப் பாத்தேன். பண்டாரம் வெவரம் தெரியாத ஆளு, கன்னிவாடிப் பக்கத்துலருந்து வந்தவரு. தொழிலைப் பாத்தாரு. "பேரு?"ன்னு கேட்டாரு.

"பாப்பம்மாள்."

"அது உங்க பேருல்ல?"

"எம் பேருதான்."

பண்டாரம் சோத்தை அள்ளப் போயி நிறுத்துனாரு. "சின்னப் புள்ளைன்னா சோறு வைக்கிறதில்ல, பாலுதான் வைக்கணும். வயசு என்ன?"

பாப்பம்மாளுக்குத் தெரியல. அவ திரும்பி ராவுத்தரைப் பாத்தா. வேலுச்சாமியும் பண்டாரமும் அவரைப் பாத்தாங்க. நானும் பாத்தேன்.

"ரெண்டு வயசு, ஏழு மாசம்"னாரு ராவுத்தர்.